பிளாட்டினத்துக்கு எது தாங்கி: அலுமினாவா, சீரியாவா?

கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கி ஒன்று தேவைப்பட்டது. பிளாட்டினத்தை எதன் மேல் ஏற்றுவது? இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் சீரியா பக்கம் சாய்ந்துவிட்டேன் (நாடு இல்லை, சீரியம் ஆக்சைடு).

அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடு) பெருமை ஊரறிந்தது: மலிவு, பொதுவாகக் கிராமுக்கு 100 சதுர மீட்டரைத் தாண்டும் பரப்பு. டைட்டானியாவும் (டைட்டானியம் ஆக்சைடு) மனதில் இருந்தது. ஆனால் ஹைட்ரஜனில் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அந்த ஆக்சைடே படலமாக ஏறிப் பிளாட்டினத் துகளைப் போர்த்திவிடும். பிளாட்டினம் வாயுவைப் பிடிக்கும் திறனை இழக்கும். 1978-லேயே டாஸ்டர் என்ற வேதியியலாளரின் குழு கண்ட இழப்பு இது. சரி, வேண்டாம்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: சூட்டில் பிளாட்டினத் துகள் சிறிதாகவே இருக்குமா? குளோரைடு இல்லாத உப்பிலிருந்து இரண்டு பொடியிலும் 1 சதவீதம் பிளாட்டினம் ஏற்றி, காற்றில் 800 டிகிரியில் 10 மணி நேரம் வைத்தேன். வெள்ளையாக உள்ளே போன அலுமினா கரும் சாம்பல் நிறத்தில் வந்தது. எக்ஸ்ஆர்டி (படிகங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்தால் 39.8 டிகிரி கோணத்தில் பிளாட்டினத்தின் உச்சி ஊசி மாதிரி நிற்கிறது, அதாவது துகள்கள் பெருத்துவிட்டன. சீரியாவில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தச் சூட்டில் பிளாட்டினம் ஆக்சைடு ஆவியாகி நகர்கிறது. காமா அலுமினாவில் (தாங்கியாகப் பயன்படும் அலுமினா வகை) அதைப் பிடித்து வைப்பவை, ஐந்து ஆக்சிஜன் மட்டுமே சூழ்ந்த அலுமினிய அயனிகள். அவை கொஞ்சம்தான், அவற்றில் இடம் கிடைக்காதது பெரிய துகளோடு போய் ஒட்டிக்கொள்கிறது. சீரியாவிலோ, பரப்பில் படிக்கட்டு போல இருக்கும் விளிம்புகளில் உள்ள ஆக்சிஜன்கள் பிளாட்டின அணுவை இறுக்கிப் பிடிக்கின்றன. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அலுமினா மேல் இருந்த பிளாட்டினத்தோடு சீரியாப் பொடியைக் கலந்து 800 டிகிரியில் வைத்தார்கள். பிளாட்டினம் அலுமினாவைக் காலி செய்துவிட்டுச் சீரியாவில் குடியேறிவிட்டது! வெள்ளியிலும் இதே கதைதான்: மெக்னீசியாவைவிட (மெக்னீசியம் ஆக்சைடு) சீரியாவில் வலுவாக ஒட்டுகிறது என்பதை 2010-இல் கேம்பெல் என்ற வேதியியலாளரின் குழு, ஒட்டும்போது வெளிவரும் வெப்பத்தை அளந்தே காட்டியது.

பிடி இறுகியதில் ஒரு தொல்லையும் உண்டு. தனித்தனி அணுவாகச் சிக்கிய பிளாட்டினம் குறைந்த வெப்பத்தில் மந்தம். ஹைட்ரஜனில் 300 டிகிரி வரை சூடாக்கி ஒடுக்கிய (ஆக்சிஜனை நீக்கிய) பிறகுதான் எனக்கு வேலை செய்தது. அப்புறம், நான் சோதித்தது சல்பர் இல்லாத வாயுவில். சீரியா சல்பர் டைஆக்சைடை இழுத்துச் சல்பேட் ஆகிவிடும் என்பதால், சல்பர் கலந்த டீசல் புகைக்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். 300 டிகிரியைத் தாண்டாத வேலை என்றால் அலுமினாவே போதும்.