டெஸ்டரா, மல்டிமீட்டரா, குண்டு பல்பா?

ஒருநாள் சமையலறையில் மிக்ஸி ஓடவில்லை. டெஸ்டரை எடுத்து பிளக் பாயின்ட்டின் வலது ஓட்டையில் வைத்தேன், எரிந்தது. சரி, கரண்ட் இருக்கிறது. இடது ஓட்டையிலும் சும்மா வைத்துப் பார்த்தேன். அங்கேயும் எரிந்தது. நம் ஊர் பாயின்ட்டில் கரண்ட் வரும் ஃபேஸ் வலது பக்கம், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இடது பக்கம். இரண்டிலும் எப்படி எரியும்?

மல்டிமீட்டரை வைத்ததும் புரிந்துவிட்டது. வலது ஓட்டைக்கும் எர்த்துக்கும் நடுவே 231 வோல்ட். இடதுக்கும் எர்த்துக்கும் 229. இரண்டு ஓட்டைக்கும் நடுவே வெறும் 2. நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்ச் போட்டபடியே இருந்ததால், ஃபேஸ் அதன் வழியாக நுழைந்து நியூட்ரல் ஒயருக்கு வந்து நிற்கிறது. ‘கறுப்பு ஒயர், நியூட்ரல்தானே’ என்று தொட்டிருந்தால் தூக்கிப் போட்டிருக்கும்.

டெஸ்டரைக் குறை சொல்லவில்லை. ஃபேஸ் இருக்கிறதென்று அது சொன்னது உண்மைதான். உள்ளே ஒரு நியான் பல்பு, கூடவே கரண்டை மிகக் குறைத்துவிடும் பெரிய ரெசிஸ்டர். மிச்சச் சர்க்யூட் நம் உடம்பு. அதனால்தான் காய்ந்த செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் மங்கலாக எரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிந்தால் கரண்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம், எரியவில்லை என்பதை நம்பி ஒயரில் கை வைக்கக் கூடாது.

தொடாமலே கத்தும் பேனா டெஸ்டர் இன்னும் சௌகரியம், ஆனால் வம்பளப்பு அதிகம். பக்கத்து ஒயரில் ஃபேஸ் இருந்தாலும் கத்தும். இரும்புக் குழாய்க்குள் ஓடும் ஒயருக்கு வாயே திறக்காது. முதல் மோப்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டர் எண்ணைச் சொல்கிறது, அதுதான் அதன் பலம். ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்-எர்த் சில வோல்ட். மூன்றும் இப்படி வந்தால் எது ஃபேஸ் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தப்பாகப் பிடித்தால் இதைவிட ஆபத்தான கருவி இல்லை. டயல் ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750-ல் இருக்க வேண்டும். கறுப்பு முனை ‘காம்’ துளையில், சிவப்பு வோல்ட் துளையில். நேற்று பேட்டரி கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருந்தால், மீட்டர் வெறும் ஒயர் மாதிரிதான். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்த மறுநொடி ஷார்ட். மலிவான மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூடக் கிடையாது. மெயின் போர்டுக்கு, மீட்டர் மேல் ‘கேட் 3’ (CAT III) என்று பாதுகாப்புத் தரம் போட்ட மீட்டர்தான் சரி.

இவ்வளவு இருந்தும் மல்டிமீட்டருக்கு ஒரு பலவீனம். இரண்டு பக்கமும் கழற்றிய ஒயரில்கூட 40, 70 வோல்ட் காட்டும். பக்கத்தில் ஓடும் ஃபேஸ் தூண்டிவிட்ட பேய் வோல்டேஜ் அது. மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அந்தப் பேயும் அதற்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கேதான் பழைய எலெக்ட்ரீஷியன்களின் டெஸ்ட் லேம்ப் ஜெயிக்கிறது. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். பேய் என்றால் பல்பு எரியாது, மீட்டர் எண்ணும் விழுந்துவிடும். ஒரே சிக்கல், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 15 வாட் பல்புகூட 65 மில்லிஆம்பியர் இழுக்கும். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மெயினை அணைத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் டப்பென்று ட்ரிப் ஆகிவிடும். முனையில் மொட்டைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் லேம்பை மட்டும் தொடாதீர்கள்.

என் கட்சி மல்டிமீட்டர்தான், ஒரு நிபந்தனையோடு. கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பாயின்ட்டில் முதலில் வைத்துப் பார், அப்புறம் வேலை செய்யப்போகும் ஒயரில், மறுபடி அந்தப் பழைய பாயின்ட்டில். நடுவில் முனை ஒயர் அறுந்திருந்தாலும் திரையில் 0 தான் வரும்.

அன்றைக்கு மெயினை அணைத்துவிட்டுத்தான் போர்டைக் கழற்றினேன். பக்கத்து வீட்டுப் பாயின்ட்டில் மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டு வந்து ஒவ்வொரு ஒயராக வைத்தேன். எல்லாம் 0, ஒரு சிவப்பு மட்டும் 226. சமையலறை லைட் இன்வெர்ட்டரில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதையும் அணைத்து, மறுபடி அளந்த பிறகே உள்ளே கை விட்டேன். திருகு தளர்ந்து, நுனி கருகி, கறுப்பு ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.