சிங்கப்பூர் வெப்பத்தில் ஒயின் சேமிப்பு: குளிர்ப்பெட்டிகளுடன் நீண்டகால அனுபவம்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவருக்கு நிலவறை கிடையாது. பகலில் 31, 32 டிகிரி, இரவில் 25 டிகிரியை ஒட்டி, காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு அருகில் என்பதே இவ்வூரின் ஆண்டு முழுவதுமான நிலை. பிரான்சின் போர்தோவிலும் பர்கண்டியிலும் நிலவறைகளில் இயல்பாகவே அமையும் 12 முதல் 14 டிகிரியை நாம் மின்சாரம் கொண்டுதான் உண்டாக்க வேண்டும். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பல ஆண்டுகளாக ஒயின் குளிர்ப்பெட்டிகளைப் பயன்படுத்தி வருகிறேன். கடையில் நாம் பார்க்கும் அம்சங்கள் வேறு, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும்போது முக்கியமாகும் அம்சங்கள் வேறு என்பதே நான் கண்டது.

இங்கு ஒயினுக்கான தீர்வை, அதிலுள்ள மதுசாரத்தில் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13.5 விழுக்காடு மதுசாரம் கொண்ட 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு ஏறத்தாழ 9 வெள்ளி வருகிறது. பொருள் சேவை வரி தனி. மலிவான போத்தலுக்கும் விலை உயர்ந்த போத்தலுக்கும் தீர்வை ஒன்றே என்பதால், சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு, வைத்திருந்து பருகத்தக்க ஒயினை வாங்குவதே நியாயமான கணக்கு. அப்படி வாங்கியதைச் சமையலறை அலமாரியில் வைத்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது பெல்டியர் முறையில், அதாவது மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும் தகட்டால் இயங்கும், கம்ப்ரசர் இல்லாத சிறு பெட்டி. அதில் அதிர்வு இல்லை, ஓசையும் மிகக் குறைவு. ஆனால் இவ்வகைப் பெட்டி அறையின் வெப்பத்திலிருந்து ஓரளவுக்கு மேல் கீழிறங்காது. அறையில் குளிரூட்டி ஓடும் இரவில் 13 டிகிரியில் நின்றது, வீட்டில் யாரும் இல்லாத பிற்பகலில் 17, 18 என ஏறிவிடும். நாள்தோறும் நிகழும் இந்த ஏற்ற இறக்கமே ஒயினுக்குப் பெருங்கேடு. சூடேறும்போது ஒயின் விரிந்து தக்கையை வெளிப்புறமாக நெருக்குகிறது. குளிரும்போது சுருங்கி, தக்கையின் ஓரமாகக் காற்றை உள்ளிழுக்கிறது. மாறாமல் 15 டிகிரியில் கிடக்கும் போத்தலைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. 12க்கும் 18க்கும் இடையே ஊசலாடும் போத்தலைப் பற்றித்தான் கவலை. ஆகவே கம்ப்ரசர் பெட்டி இங்கே இன்றியமையாதது என்று உறுதியாகச் சொல்வேன்.

கம்ப்ரசர் பெட்டிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. பெட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். ‘என்’ வகுப்பு 32 டிகிரி வரையுள்ள அறைக்கும், ‘எஸ்டி’ 38 வரைக்கும், ‘டி’ 43 வரைக்கும் உரியவை. குளிரூட்டி எப்போதும் ஓடாத வீட்டில் ‘என்’ வகுப்புப் பெட்டியை வைத்தால் கம்ப்ரசருக்கு ஓய்வே இருக்காது. விற்பனையாளர் இதைத் தாமாகச் சொல்வது அரிது. கதவைத் திறந்து நாமே படித்துவிடுவது நல்லது.

கொள்ளளவு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. தயாரிப்பாளர்கள் சொல்லும் எண்ணிக்கை, ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேர்த்தோள் போர்தோ போத்தல்களை மட்டும் அடுக்கினால் கிடைப்பது. பர்கண்டி போத்தல் இன்னும் பருமன், ஷாம்பெய்ன் போத்தல் அதைவிடப் பருமன். இவை கலந்து வந்தால் மேல்தட்டின் அடிப்பக்கத்தில் உரசி, இழுக்கும்போது போத்தலில் ஒட்டிய பெயர்ச்சீட்டு கிழியும். என் பெட்டியில் இரண்டு தட்டுகளை அடியோடு எடுத்துவிட்டேன். அறிவித்த எண்ணிக்கையில் கால்பங்கு குறைந்தாலும் போத்தல்கள் தடையின்றி வந்துபோகின்றன.

வெப்பத்தைக் காட்டிலும் நான் அதிகம் போராடியது ஈரத்துடன்தான். ஐரோப்பிய வழிகாட்டிகள் தக்கை உலர்ந்துவிடும் என்று அஞ்சி, பெட்டிக்குள் ஒரு கிண்ணம் நீர் வைக்கச் சொல்கின்றன. இங்கே கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீராவி நிறைந்த காற்று உள்ளே புகுந்து, பின்சுவரில் நீராகப் படிந்து வழிகிறது. அந்த நீர் அடியிலுள்ள சிறு துளை வழியாக, கம்ப்ரசரின் மேலிருக்கும் தட்டுக்குப் போய் அதன் சூட்டில் ஆவியாக வேண்டும். கிழிந்த சீட்டின் துணுக்கும் தூசும் சேர்ந்து அத்துளையை அடைத்துக்கொண்டால் நீர் கீழ்த்தட்டில் தேங்கி, சீட்டுகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம் புள்ளிபுள்ளியாகப் படர்கிறது. ஒயினுக்கு அதனால் தீங்கு இல்லை. ஆனால் பிறருக்குப் பரிசளிக்கவோ விற்கவோ எண்ணினால் போத்தலின் மதிப்பு போய்விடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் துளையைச் சுத்தம் செய்கிறேன். நெடுநாள் வைக்கப்போகும் போத்தல்களுக்கு உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளைச் சீட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன்.

டிசம்பர் மழையில் கண்ணாடிக் கதவின் வெளிப்புறம் வியர்ப்பது இயல்பு. உட்புறத்தில், அதுவும் ஒரே மூலையில் மட்டும் நீர் கோத்தால், அந்த இடத்துக் கதவு ரப்பர் சரியாகப் படியவில்லை என்று பொருள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பே இல்லாமல் தாள் வந்துவிட்டால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் வாங்கும் முன்பே முடிவாக வேண்டும். பலர் பொருளறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உள்ளிருந்து எடுக்கும் சூட்டைப் பெட்டி அந்த அறைக்குள்தானே கொட்டுகிறது! சன்னல் இல்லாத சிற்றறை சில மணி நேரத்தில் வீட்டிலேயே வெப்பமான இடமாகிவிடும். எங்கள் பெட்டி வெயில் படாத உள்சுவரை ஒட்டி, பின்னால் ஒரு சாண் இடைவெளியுடன் கூடத்தில் நிற்கிறது.

முகப்பில் ஒளிரும் எண்ணை நான் நம்புவதில்லை. நீர் நிரப்பிய பழைய போத்தல் ஒன்றில் வெப்பமானியின் நுனியை அமிழ்த்தி நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். காற்று ஒரு மணி நேரத்தில் பலமுறை ஏறி இறங்கினாலும் போத்தலுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு விரைவில் அசைவதில்லை, நமக்கு வேண்டியதும் அந்த அளவுதான். ஒருமுறை வெப்ப உணரி பழுதாகி, முகப்பு 13 என்று காட்டிக்கொண்டிருக்க உள்ளே 7 டிகிரிக்கு இறங்கியிருந்ததை இந்த ஏற்பாடுதான் காட்டிக்கொடுத்தது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று விற்ற கடையில் வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். உள்ளூரில் உதிரிபாகம் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரு பகுதிகளில் இரு வெப்பநிலை வைக்கக்கூடிய பெட்டி சேமிப்புக்குத் தேவையில்லை. சிவப்பு, வெள்ளை இரண்டும் 13 டிகிரியில் நன்றாகவே முதிர்கின்றன. சிவப்பு ஒயினை எடுத்து ஊற்றினால் நம்மூர் அறையில் கால்மணி நேரத்தில் தானே 16, 17 டிகிரிக்கு வந்துவிடும்; வெள்ளையை மட்டும் பருகும் முன் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். கம்ப்ரசரின் அதிர்வு ஒயினைக் கெடுக்கும் என்ற அச்சமும் மிகையானது என்றே கருதுகிறேன்.

இத்தனை பாடுபடுவதற்குப் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. ஒரே அட்டைப்பெட்டியாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்ட பரோசா ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின், உறவினர் வீட்டுக் காட்சி அலமாரியில் சில ஆண்டுகள் நின்றது. மூடியின் உறையை உரித்தபோது தக்கையின் ஓரத்தில் பிசுபிசுப்பான செங்கோடு கசிந்திருந்தது. வாயில் வைத்தால் வேகவைத்த உலர்திராட்சைச் சுவை. எங்கள் பெட்டியில் இருந்ததில் கரும்பழமும் மிளகும் தெளிவாக நின்றன. அதே நாட்டின் கிளேர் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் அப்படித்தான். திருகு மூடி என்பதால் அதைப் படுக்கவைக்கத் தேவையில்லை, அடித்தட்டில் நிமிர்த்தியே வைக்கிறேன். ஆண்டுகள் கூடக்கூட எலுமிச்சைப் புளிப்பின்மேல் தேனும் வாட்டிய ரொட்டியுமாக மணம் ஏறுகிறது. மீன் தலைக் கறிக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிய இத்தாலியச் சிவப்பு ஒயினான பரோலோவையும் உயர்தரப் போர்தோவையும் வீட்டில் வைப்பதை இப்போது நிறுத்திவிட்டேன். இந்த ஈரத்தில் ஒரு கம்ப்ரசர் அத்தனை காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அது நிற்கும் வாரத்தில் நாம் ஊரில் இருப்போம் என்பதற்கும் உறுதி இல்லை. அவை வாடகைக் கிடங்கில் இருக்கின்றன. ஐந்து முதல் எட்டு ஆண்டுக்குள் திறக்கப்போகிறவற்றுக்கு வீட்டுப் பெட்டி முற்றிலும் போதுமானது.