டிபிஏ 3255 குட்டி ஆம்ப்: வளவு வீட்டுக்கு 48 வோல்ட் வேண்டாம்

டிபிஏ 3255 சிப் வைத்த கையடக்க ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இப்போது பல பெயர்களில் கிடைக்கிறது. பெட்டி மேல் '300+300 வாட்' என்று அடித்திருக்கும். முழுப் பொய் இல்லை. 4 ஓம் லோடு, 50 வோல்ட்டைத் தாண்டிய சப்ளை, 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்ற கணக்கில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்தச் சிப்புக்குக் காட்டுவது சேனலுக்கு 315 வாட். டிஸ்டார்ஷனை 1 சதவீதத்தில் நிறுத்தினால் 260. அதே 1 சதவீதத்தில் 8 ஓமுக்கு 150. கூட வரும் அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்தான். 8 ஓமில் சேனலுக்கு 55 வாட் தேறும். நடுவில் முற்றம் உள்ள வளவு வீட்டுக்கு இதுவே போதும், பவரைக் கூட்ட 48 வோல்ட் அடாப்டர் தேடிப் போக வேண்டாம்.

ஒலி சுத்தம், சூடு குறைவு, கொடுத்த காசுக்குத் தாராளம். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் இது ஸ்பீக்கரைக் காவு வாங்கும் விதம் தனி.

வளவுப் பத்தியில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஸ்பீக்கரை வைத்தால் பேஸ் முற்றம் வழியாக வானத்துக்குப் போய்விடும். ஆத்தங்குடித் தரைக் கல்லும் வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சும் மேல் ஸ்தாயியை மட்டும் திருப்பித் திருப்பி அடிக்கும். பேஸ் இல்லை, பாட்டு வரியும் புரியவில்லை. உடனே கை வால்யூமுக்குப் போகிறது. வால்யூம் ஏறினால் எதிரொலியும் அதே அளவு ஏறும், தெளிவு கூடாது. அடுத்தது பேஸ் குமிழ். அதை 6 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் நாலு மடங்கு பவர். 80 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். 5 அங்குல வூஃபர் (பேஸ் தரும் ஸ்பீக்கர்) எங்கே ஓடும்? கோனை ஆட்டும் கம்பிச் சுருளான 'காயில்' பின்பக்கத் தகட்டில் மோதி 'டக் டக்' என்னும்.

சூடு இன்னொரு எமன். தாமிரக் காயில் 200 டிகிரியைத் தொட்டால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.7 மடங்காகிவிடும். குமிழைத் திருகத் திருகச் சத்தம் கூடாமல் நின்றால் காயில் வேகிறது என்று பொருள்.

சின்ன ஆம்ப்தான் கிளிப் ஆகி (பவர் போதாமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டரை, அதாவது மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரை, எரிக்கும், பெரிய ஆம்ப் பத்திரம் என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. கிளிப் ஆனால் மேல் ஸ்தாயிச் சக்தி கூடும், சரி. ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருக்கும் '100 வாட்' முழுப் பெட்டிக்கும் சேர்த்துச் சொன்னது; ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்டுகள்தான். கிளிப்பே ஆகாத பெரிய ஆம்பும் அதைத் தாராளமாகக் கொன்றுவிடும்.

வால்யூமுக்கு எல்லை கட்ட ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை முழு அளவில், அதாவது 0 டெசிபெல்லில், போனிலிருந்து ஓட்டுங்கள். பேஸ், ட்ரெபிள் நடுவில் இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரே சேனலின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் அளந்துகொண்டே வால்யூமை ஏற்றுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட், 4 ஓமுக்கு 14 வோல்ட். இரண்டுமே 50 வாட்தான். அந்த இடத்தில் குமிழில் பெயின்ட் புள்ளி வையுங்கள். டோனை நிறுத்தி, ஆம்பை அணைத்த பிறகே வயரைத் திரும்ப மாட்ட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்த ஆம்பில் கறுப்பு டெர்மினல் கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு சேனல் கறுப்பையும் சேர்த்து முறுக்கினால் சிப்பே போகலாம்.

பவரைவிட இடம் முக்கியம். ஸ்பீக்கரை 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் நேரடி ஒலி 6 டெசிபெல் கூடும். ஆம்பில் அது நாலு மடங்கு பவருக்குச் சமம். முன்னால் ஒரு ஜமக்காளம், பின்னால் சுவர் மூலை. மூலை தரும் பேஸுக்குக் கரண்ட் செலவே கிடையாது.

படைப்பு (முன்னோர் வழிபாடு), அறுபதாம் கல்யாணம் என்று வளவு நிறைய ஆள் இருந்தால் சவுண்ட் சர்வீஸ் பெட்டியை வாடகைக்கு எடுங்கள். 97 டெசிபெல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் சத்தம்) உள்ள பெட்டி 20 வாட்டில் தரும் சத்தத்துக்கு, 86 டெசிபெல் வீட்டு ஸ்பீக்கர் 250 வாட் கேட்கும்.

ஏற்கெனவே அடிவாங்கிய ஸ்பீக்கர் என்றால், இரண்டு கட்டைவிரலால் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசல் கேட்டாலோ வார்னிஷ் கருகிய வாசம் வந்தாலோ காயில் போய்விட்டது. நல்ல 8 ஓம் வூஃபர் மீட்டரில் 6 ஓம் அளவில் காட்டும். ட்வீட்டரை கிராஸ்ஓவரிலிருந்து (ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) கழற்றி அளக்க வேண்டும், கெபாசிட்டர் இருக்கும்போது அளந்தால் நல்லதும் செத்ததாகத்தான் தெரியும். வூஃபருக்குக் காயில் கட்டி வாங்கலாம். ட்வீட்டருக்கு அதே மாடல் புதிதாகப் போடுவதுதான் சரி.