பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் சேரலாமா? மூணு வருஷம் படிச்சிட்டு வந்து சொல்றேன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து எங்க தெருவுலயே நாலு பேரு கேட்டுட்டாங்க, அக்கா நீங்க படிச்ச அந்த ஸ்போர்ட்ஸ் கோர்ஸ் எப்படி, சேரலாமான்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாசல்ல நின்னுகினு பாதி பாதியா சொல்றதுக்கு ஒரே தடவை முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் வேலூர் சத்துவாச்சாரி, வெயிட்லிஃப்டிங், கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணு. சென்னை பக்கத்துல ஒரு பிரைவேட் காலேஜ்ல பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் அண்ட் எக்சர்சைஸ் சயின்ஸ் முடிச்சு ஒரு வருஷம் ஆகுது. காலேஜ் பேரு இங்க போடல, கீழ குறையும் சொல்லப் போறேன், அங்க இப்பவும் என் ஜூனியர் பசங்க படிக்கிறாங்க.

மார்க் முன்னாடியே சொல்லிடறேன். படிப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு. எங்க காலேஜ் அதை நடத்துன விதத்துக்கு மூணு.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா வெச்சுக்கோங்க, இதுல தான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. இது பி.டி. டீச்சர் படிப்பு இல்ல. ஸ்கூல்ல பி.டி. டீச்சரா போகணும்னா ஒரு டிகிரி முடிச்சிட்டு தனியா ரெண்டு வருஷம் பி.பி.எட். படிக்கணும். இது பிசியோதெரபியும் இல்ல, அதுக்கு பி.பி.டி. தான். வேலூர்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கறதால பிசியோன்னா எல்லா வீட்லயும் தெரியும், எங்க படிப்புன்னா யாருக்கும் தெரியாது, என் பெரியம்மா இன்னிக்கும் "எம் பொண்ணு சி.எம்.சி.ல சேர்ற மாதிரி ஏதோ படிச்சிருக்கா"ன்னு தான் சொல்லிகினு இருக்காங்க. ஆடுறவங்க உடம்பு எப்படி வேலை செய்யுது, எவ்ளோ தாங்கும், எதை மாத்துனா ஆட்டம் ஏறும், அதை அளந்து பார்த்து சொல்றது தான் இந்த படிப்பு. ஃபிசியாலஜி, அனாடமி, பயோமெக்கானிக்ஸ் (உடம்பு அசையறதோட விசைக் கணக்கு), ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி, நியூட்ரிஷன், கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

நான் இதுல வந்து விழுந்ததுக்கு காரணம் என் வலது முட்டி. எங்க ஊர்ல வெயிட்லிஃப்டிங்னா தனி மரியாதை, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவுல ஸ்னாட்ச் (ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்கறது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (முதல்ல தோளுக்கு, அங்க இருந்து தலைக்கு மேல) 179, மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வாங்குனப்ப எனக்கு பதினொரு வயசு. 2018ல கோல்ட் கோஸ்ட்ல மறுபடியும் தங்கம். அதைப் பாத்து தான் நைனாகிட்ட அழுது அடம் புடிச்சு பார் புடிச்சேன். பத்தாவதுல முட்டி வலி ஆரம்பிச்சுது. உக்காந்து எழும்போது உள்ளார குத்தும். எண்ணெய் தேச்சேன், நீ-கேப் போட்டேன், ரெண்டு மாசம் நிறுத்துனேன், நிறுத்துனா போயிடும் திரும்ப ஆரம்பிச்சா வந்துடும். எனக்கு வெயிட்லிஃப்டிங் சொல்லிக் குடுத்த மாஸ்டர் நல்லவர், கண்ணாலயே பாதி தப்ப புடிப்பார், ஆனா இதுக்கு அவருக்கும் விடை தெரியல.

செகண்ட் இயர்ல ஒரு ப்ராக்டிகல். செவுத்துல இருந்து தரையில டேப் ஒட்டி, கால் கட்டைவிரல டேப் மேல வெச்சு, குதிகால் தூக்காம முட்டிய செவுத்துல தொடணும். தொட்டா கால கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சு மறுபடியும். குதிகால் எழும்புற எடத்துல நிறுத்தி, கட்டைவிரலுக்கும் செவுத்துக்கும் நடுவுல எவ்ளோன்னு அளக்கறது. அவ்ளோ தான் டெஸ்ட்டு. என் வலது கால் பதினொரு சென்டிமீட்டர். இடது கால் ஆறு. திரும்ப அளந்தேன், ஆறு தான். மேடம் என் பக்கத்துல உக்காந்து "இடது கணுக்கால் எப்பவாச்சும் பெரண்டுச்சா ம்மா?"ன்னு கேட்டாங்க. ஒம்பதாவதுல கோ-கோ ஆடும்போது பெரண்டு ஒரு வாரம் வீங்கி கெடந்தது ஞாபகம் வந்துச்சி. மறுநாள் என்னை ஸ்குவாட் பண்ண சொல்லி முன்னாடி இருந்து ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்தாங்க, கீழ போகப் போக இடுப்பு வலது பக்கம் தள்ளுது, கண்ணுக்கு தெரியல, வீடியோல அப்படியே தெரியுது. இடது கணுக்கால் மடங்காததுனால பாரத்த எல்லாம் வலது முட்டி வாங்கிகினு இருந்திருக்கு, நாலு வருஷமா நான் வலிக்கிற முட்டிக்கே எண்ணெய் தேச்சிகினு இருந்திருக்கேன். அன்னிக்கு ஹாஸ்டல் மாடியில போய் உக்காந்து அழுதேன், சந்தோஷமா கோவமான்னு பிரிச்சு சொல்ல தெரியல. நாலு மாசம் கணுக்காலுக்கு தினமும் பயிற்சி பண்ணி, பார் எடையும் மெதுவா ஏத்துனேன், வலி போச்சி. இந்த ஒண்ணுக்காகவே கட்டுன ஃபீஸ் எனக்கு வசூல் ஆயிடுச்சி.

அதனால தான் சொல்றேன், இந்த படிப்போட உயிரு ப்ராக்டிகல்ல இருக்கு. ஸ்கின்ஃபோல்டு காலிப்பர்னு ஒண்ணு, தோலையும் அதுக்கடியில இருக்க கொழுப்பையும் புடிச்சு இழுத்து எவ்ளோ தடிமன்னு அளக்கறது. பாக்க ரொம்ப சுலபமா இருக்கும். மேல்கையில தோள்பட்டை எலும்புக்கும் முழங்கை எலும்புக்கும் சரி பாதியில பேனாவால குறி போட்டு, கட்டைவிரல் ஆள்காட்டி விரலால தோல புடிச்சு, ஒரு சென்டிமீட்டர் கீழ காலிப்பர் வெச்சு, ரெண்டு செகண்ட் விட்டு படிக்கணும். நான் முதல் நாள் என் ரூம்மேட்டுக்கு எடுத்தது 14, அடுத்தது 17, அடுத்தது 12. சார் சிரிக்கல, திட்டல, "இது அவ உடம்போட அளவு இல்ல, உன் கையோட அளவு. உன் கை ஒரே மாதிரி ஆகற வரைக்கும் எடுத்துகினே இரு"ன்னு சொன்னாரு. ஒரு மாசம் ஆச்சு கை பழக. இப்போ ரீல்ஸ் பாத்துட்டு மிஷின் மேல ஏறி ஃபேட் பர்சன்டேஜ் சொல்றவங்கள பாத்தா, நேத்து எடுத்ததும் இன்னிக்கு எடுத்ததும் ஒரே மாதிரி எடுத்தீங்களா, சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தான் கேக்க தோணுது.

பீப் டெஸ்ட்டும் பாக்க சுலபம் தான், இருவது மீட்டர் தள்ளி ரெண்டு கோடு போட்டு, ஒரு ஸ்பீக்கர்ல பீப் போட்டா போதும், அடுத்த பீப்புக்குள்ள எதிர் கோட்டுக்கு ஓடிடணும், மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நிமிஷமும் அரை கிலோமீட்டர் வேகம் கூடும். இதை வெச்சே விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிஷத்துல அதிகபட்சம் எவ்ளோ ஆக்சிஜன் பயன்படுத்துதுன்னு ஓரளவு கணக்கு போடலாம்.

இங்க தான் குறை. எங்க காலேஜ் ப்ராஸ்பெக்டஸ் முதல் பக்கத்துலயே மூஞ்சில மாஸ்க் மாட்டி ட்ரெட்மில்ல ஓடற பையன் படம். மூச்சுக்காத்த நேரடியா அளந்து விஓ2 சொல்ற மிஷின் அது. சேந்தப்புறம் பாத்தா அதுக்கு துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் ஓட்டறதுக்கு முன்னாடி, எவ்ளோ ஆக்சிஜன் எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு காஸ் சிலிண்டர் வெச்சு அந்த மிஷின சரி பாக்கணும், அந்த சிலிண்டர் தீர்ந்து போயி வாங்கவே இல்ல. மூணு வருஷத்துல ரெண்டு தடவை துணி எடுத்தாங்க, ரெண்டு தடவையும் இன்ஸ்பெக்‌ஷன். எங்க நைனா ராணிப்பேட்டைல தோல் கம்பெனில நின்னுகினே வேலை செஞ்சு கட்டுன ஃபீஸ்ல லேப் ஃபீஸ்னு தனியா ஒரு வரி இருந்துச்சி, அதைப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும். எழுதிக் குடுத்தோம், பாக்கறோம்னாங்க, கடைசி வரைக்கும் பாக்கல.

ப்ளேஸ்மென்ட்டும் சரியில்ல. வந்த கம்பெனில பாதி ஜிம் மெம்பர்ஷிப் விக்கிற வேலை. டீம் கூட வேலை செய்யற மாதிரி எடம் வேணும்னா மேல எம்.எஸ்சி. படிக்கணும், ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் (ஆடுறவங்களுக்கு உடம்பு வலு ஏத்தற பயிற்சி) சர்டிஃபிகேட் ஏதாவது வேணும், கோச் ஆகணும்னா பாட்டியாலால இருக்க தேசிய விளையாட்டு நிறுவனத்தோட (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ. இதை முதல் வருஷமே யாராவது உக்கார வெச்சு சொல்லியிருக்கணும்.

இங்கிலீஷ் பத்தி நம்ம ஊரு பிள்ளைங்க பயப்படுவாங்க, நானும் பயந்தேன். புக்கு எல்லாம் இங்கிலீஷ், அனாடமில வாய்ல நுழையாத பேரு. முதல் செமஸ்டர்ல ஒரு பேப்பர் போச்சி. அப்புறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன், நோட்ல ஒவ்வொரு தசைக்கும் பக்கத்துல தமிழ்ல எழுதி, என் உடம்புலயே தொட்டுப் பாத்து படிக்கிறது. கெண்டைக்கால்ல மேல உருண்டு தெரியறது காஸ்ட்ராக்னீமியஸ், அதுக்கு அடியில தட்டையா சோலியஸ், முட்டிய மடக்கிகினு குதிகால் தூக்குனா சோலியஸுக்கு தான் வேலை அதிகம். ஒருக்கா கைக்கு தெரிஞ்சா பேரு மறக்காது. விளையாடற பிள்ளைங்களுக்கு இந்த படிப்பு அதனால தான் ஒட்டும்.

இப்போ நான் காலைல காட்பாடில ஒரு ஜிம்ல ட்ரெய்னர், சாயங்காலம் எங்க மாஸ்டர் கிட்ட பசங்களுக்கு உதவி. படிச்சது தினமும் வேலைக்கு ஆகுது. மே மாசம் நம்ம ஊரு வெயில் சொல்ல வேண்டாம், நாப்பதுக்கு மேல. நடுவுல தண்ணி குடிச்சா வயிறு புடிச்சுக்கும்னு தான் எங்களுக்கெல்லாம் சொல்லி வளத்தாங்க. போன மாசம் ஒரு கபடி பையன ப்ராக்டிஸுக்கு முன்னாடி எடை போட்டேன், 62.4 கிலோ. ஒன்றரை மணி நேரம் கழிச்சு வேர்வைய தொடச்சிட்டு ஏத்துனா 60.9. நடுவுல அரை லிட்டர் தண்ணி வேற குடிச்சிருக்கான், அப்போ போன வேர்வை கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர். உடம்பு எடைல ரெண்டு சதவீதத்துக்கு மேல எறங்குனாலே ஆட்டமும் எறங்கும், தல சுத்தும். மாஸ்டர்கிட்ட அந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் காட்டுனேன். ஒண்ணும் பேசல, மறுநாள் அவரே ஒரு கேன் தண்ணியும் உப்பு பாக்கெட்டும் எலுமிச்சம்பழமும் இட்டாந்தாரு.

இன்னொண்ணு, கனமான செட்டுக்கு நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல உக்காந்தா சோம்பேறின்னு திட்டு விழும். ஸ்னாட்ச் மாதிரி சில செகண்ட்ல முடியற வேலைக்கு தசைக்குள்ள ஏற்கனவே சேத்து வெச்சிருக்க ஏ.டி.பி., கிரியாட்டின் பாஸ்பேட்னு ரெண்டு ரசாயனம் தான் எரிபொருள், அது திரும்ப நிரம்ப மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் ஆகும், அந்த ஓய்வும் பயிற்சில சேந்தது தான். அதே மாதிரி மறுநாள் மாடிப்படி எறங்க முடியாம வலிக்கிறது லாக்டிக் ஆசிட் தேங்கினதால இல்ல, அது ஒரு மணி நேரத்துலயே போயிடும், தசை நார்ல ஏற்படற சின்ன சின்ன சேதம் தான் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வலியா தெரியுது.

யாரு சேரலாம்? ஏதாவது ஒரு ஆட்டம் ஆடியிருக்கணும், ஏன் எதுக்குன்னு கேக்கற புத்தி இருக்கணும், ப்ளஸ் டூல பயாலஜி இருந்தா கஷ்டம் பாதியா கொறையும். டிகிரி முடிச்ச உடனே கை நெறைய சம்பளம் வேணுங்கற வீட்டு நெலமைன்னா நல்லா யோசிங்க, நான் ஆரம்பத்துல வாங்குனது பதினாலாயிரம். காலேஜ் தேடறவங்க மேலக்கோட்டையூர்ல இருக்க அரசோட உடற்கல்வியியல் விளையாட்டுப் பல்கலைக்கழகம், 1920ல ஹேரி க்ரோ பக் ஆரம்பிச்சு இப்போ நந்தனத்துல இருக்க ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இந்த ரெண்டுலயும் இந்த வருஷம் எந்தெந்த கோர்ஸ் இருக்குன்னு விசாரிங்க. நான் படிச்சது இது ரெண்டும் இல்ல.

எங்க போனாலும் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி லேப்ப திறந்து காட்ட சொல்லுங்க, அம்மா அப்பாவ இட்டுனு போய் கேளுங்க. மிஷின் இருக்கான்னு கேக்காதீங்க, கடைசியா எந்த தேதில ஓட்டுனீங்க, அந்த ரிப்போர்ட்டு காட்டுங்கன்னு கேளுங்க. செகண்ட் இயர் பசங்க ரெக்கார்டு நோட்ட வாங்கிப் பாருங்க, அதுல இருக்க நம்பர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா அங்க யாரும் அளக்கல, பாத்து எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்.

மேல ஏதாவது கேக்கணும்னா சாயங்காலம் அஞ்சரைக்கு மேல நம்ம மாஸ்டர் ஜிம்முக்கு வாங்க, காலேஜ் பேரும் நேர்லயே சொல்றேன். முட்டி வலின்னு வர்றவங்க செருப்ப கழட்டிட்டு நேரா செவுத்து பக்கம் வந்துடுங்க, டேப் அங்கயே ஒட்டி வெச்சிருக்கேன்.