போர் மோட்டாருக்கு டிஜிட்டல் பேனல்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். 2019 கோடையில் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது எங்கள் போரும் வற்றியது. மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் காயில் போனது. அதற்கப்புறம்தான் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி, கரன்ட்டையும் வோல்ட்டேஜையும் பார்த்து மோட்டாரைக் காக்கும் டிஜிட்டல் பேனல் மாட்ட அசோசியேஷன் சம்மதித்தது.

அன்றிலிருந்து காயில் கட்டும் செலவு வரவில்லை. ஆனால் பேனல் அடிக்கடி ட்ரிப் ஆகும், அதாவது மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும், அதற்குத் தயாராக இருங்கள். "கரன்ட் லிமிட்டைக் கொஞ்சம் கூட்டி வெச்சிட்டா தொல்லை இருக்காது சார்" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். கூட்டவே விடாதீர்கள். ஓடும் மோட்டாருக்கு ஈபி லைனில் ஒரு ஃபேஸ் போனால் அது உடனே நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில் ஏறக்குறைய 1.7 மடங்கு கரன்ட் இழுத்துக்கொண்டே சூடாகும். பழைய ஸ்டார்ட்டரின் ரிலே தானும் சூடேறித்தான் விடுவிக்கும். டிஜிட்டல் பேனல் சில நொடிகளில் நிறுத்திவிடுகிறது.

எனக்குப் பிடித்தது, ஏன் நின்றது என்று திரையில் காட்டுவதுதான். மே மாதம் ஊற்று குறைந்தால் வழக்கமாக ஏழரை ஆம்பியர் இழுக்கும் கரன்ட் ஐந்துக்குக் கீழே இறங்கும், 'ட்ரை ரன்' (தண்ணீரில்லாமல் ஓடுகிறது) என்று வரும். அதற்கு மட்டும் அரை மணி கழித்துத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். ஓவர்லோடுக்கு, அதாவது கரன்ட் அதிகமாகி நின்றால், ஆட்டோ ரீசெட் கூடவே கூடாது. ஆள் வந்து பார்த்துத்தான் போட வேண்டும்.

பேனல் கதவில் நூல் கட்டி ஒரு நோட்டு தொங்குகிறது. நேரத்தையும் திரையில் வந்ததையும் வாட்ச்மேன் அண்ணன் அதில் எழுதுவார். சாயங்காலம் மட்டும் ஒரே ஃபேஸில் வோல்ட்டேஜ் இறங்குவது அதில்தான் தெரிந்தது. ஃபியூஸ் கேரியரில் வயர் லூசாகி, முனை கறுத்திருந்தது. பேனலை மட்டும் நம்பியிருந்தால் தினமும் ரீசெட் போட்டே காலம் ஓட்டியிருப்போம்!

குறையும் உண்டு. கேபிள் நுழையும் ஓட்டையை மூடாமலே மாட்டிவிட்டுப் போனார்கள். மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான கான்டாக்டரில் பல்லி கருகிக் கிடந்த பிறகுதான் ஓட்டையை அடைக்கும் கிளாண்ட் போட்டோம். அதோடு திரை கடைசி ஐந்து ட்ரிப்பைத்தான் நினைவில் வைக்கும், நேரமும் காட்டாது. அதனால் நோட்டு இல்லாமல் முடியாது.

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பார்க்கிங்கில் முட்டிவரை தண்ணீர். பேனல் நெஞ்சு உயரத்தில் இருந்ததால் தப்பியது. கீழே இருந்த சம்ப் மோட்டார் சுவிட்ச் ஊறிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று.