தசை இறுக்கக் குரல் கோளாறு: அளவீடுகளும் பயிற்சிகளும் நீண்ட காலப் பயன்பாட்டில்

நாள் முழுவதும் பேசிப் பாடம் நடத்தும் எனக்குத் தசை இறுக்கத்தால் ஏற்படும் குரல் கோளாறு இருப்பது உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குரல் நாண்களில் முடிச்சோ கட்டியோ வாதமோ இல்லை. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் தேவைக்கு மேல் இறுகுவதால், காலையில் தெளிவாக இருக்கும் குரல் மாலைக்குள் கம்மிவிடுகிறது. இதற்காகப் பயன்படுத்திய முறைகளில் எவை நீடித்துப் பயன் தந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விட்டு விட்டு மின்னும் ஒளியில் குரல் நாண்களின் அதிர்வை மெதுவாக நடப்பது போலக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி பரிசோதனையைத் தவிர்க்கவே முடியாது. நான்கு வாரங்களுக்குள் சரியாகாத குரல் கம்மலுக்குக் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்று 2018இல் வெளியான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆயினும், கருவியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு 'ஈ' என்று இழுக்கும்போது தெரிவது வகுப்பில் பேசும் குரல் அன்று. வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய அது சிறந்தது, முன்னேற்றத்தைத் தொடர்ந்து கணிக்க அவ்வளவாக உதவாது.

அந்த வேலையை எனக்குச் செய்தது ஒரு தாள். 1997இல் 30 கேள்விகளுடன் உருவான குரல் பாதிப்பு அளவுகோலை 2004இல் பத்துக் கேள்விகளாகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40, பொதுவாக 11க்கு மேல் போனால் பாதிப்பு உண்டு என்று கொள்கிறார்கள். இதை விடுமுறையில் நிரப்பினால் நோயே இல்லாதது போலத் தோன்றும் என்பதால், வேலை மிகுந்த வாரத்தின் கடைசி நாள் மாலையில் மட்டுமே நிரப்புவது என்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவையாயின.

ஒரே மூச்சில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்ற அளவு, என்னைப் போன்றவர்களை ஏமாற்றக்கூடியது. நாண்களை இறுக்கி அழுத்தினால் காற்று குறைவாகச் செலவாகி நேரம் கூடும். அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. குரலை ஆராயும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளில் அலைவு ஒழுங்கின்மையையும், அதாவது குரல் அலையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும், கணக்கிட்டுப் பார்த்தேன். குரல் மிகவும் கரகரக்கும்போது அலையின் சுற்றுகளையே சரியாகப் பிரிக்க முடியாததால், எண் அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது நம்பத்தகாததாகிறது. ஒரே பத்தியை மாதந்தோறும் வாசித்துப் பதிவு செய்து காதால் ஒப்பிடுவதே மேல்.

பயிற்சிகளில், குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளைக் கைவிரல்களால் பிடித்துவிட்டுத் தளர்த்துவது உடனே பலன் தந்தது. ஆனால் அடுத்த வகுப்பிலேயே கரைந்தது. நீருக்குள் வைத்த குழாய் வழியே ஒலியெழுப்பும் பயிற்சி மெதுவாகத் தொடங்கி நிலைத்தது. நீரின் எதிரழுத்தத்தால் நாண்கள் கடுமையாக மோதாமல் அதிர்கின்றன. குழாயை ஆழமாக அமிழ்த்த அமிழ்த்த எதிர்ப்பு கூடும் என்பதால் தொடக்கத்தில் அதன் முனையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வைப்பது நல்லது. (கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, பலருக்கு இறுக்கத்தையே கூட்டும்.)

கடினமான பகுதி, குழாயில் கிடைத்த அந்தத் தளர்வைப் பேச்சுக்குக் கொண்டுவருவது. பயிற்சியாளர் முதலில் முனகல், பின் சொல், பின் வாக்கியம், இறுதியில் இரைச்சலுக்கு நடுவே உரையாடல் என்று ஏற்றிக்கொண்டே போனார். தாளின் எண் உண்மையில் இறங்கத் தொடங்கியது இந்தக் கடைசிப் படியில்தான். இப்போது முழுப் பயிற்சியைக் குறைத்துவிட்டு, வகுப்புக்கு முன் சிறிது நேரம் குழாயையும், பெரிய அறைகளில் ஒலிபெருக்கியையும் மட்டும் வைத்திருக்கிறேன். கம்மலின் தன்மை மாறினால் பழைய முடிவை நம்பியிராமல் மீண்டும் ஸ்ட்ரோபோஸ்கோபிக்குப் போவதாக மருத்துவருடன் பேசி வைத்திருக்கிறேன்.