இறால் குளத்தில் ஆப்டிகல் டிஓ மீட்டர்: சில பருவங்கள் பயன்படுத்திய பிறகு

வேதாரண்யம் பக்கம் வன்னாமி இறால் வளர்க்கிறோம். டிஓ என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். அதை அளக்க, மெல்லிய சவ்வு வைத்த பழைய மெம்பிரேன் மீட்டரை விட்டு, ஒளியால் அளக்கும் ஆப்டிகல் டிஓ மீட்டருக்கு மாறிச் சில பருவங்கள் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு அது காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்க முடிகிறது. எனக்கு அது போதும்.

பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். இரவில் பாசி, இறால், அடிச்சேறு எல்லாமே ஆக்சிஜனை எடுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் டிஓ மிகவும் கீழே போகும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் இறால் தீவனத்தைத் தொடுவது குறையும். மதியம் அளந்து 8 வந்தது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை.

பழைய மீட்டரின் தொல்லை, அது அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். முனையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் எண் இறங்கும். மெம்பிரேனுக்குள் ஒரு சின்னக் குமிழி புகுந்தாலும் அளவு தவறும். எல்லாவற்றையும் விட மோசம், கறுப்புச் சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு மின்முனையைக் கெடுத்துவிடும். இறால் இருப்பதோ குளத்தின் அடியில். எங்கே அளக்க வேண்டுமோ அங்கேயே அந்தக் கருவிக்கு ஆபத்து.

புதியதில் மின்முனையே கிடையாது. நுனியில் உள்ள மூடியில் மெல்லிய சாயப்படலம் இருக்கிறது. இந்த வகை உணரிகளில் ருத்தேனியச் சேர்மமோ பிளாட்டினம் போர்ஃபைரினோ சாயமாகப் பயன்படும். நீல ஒளி பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஆற்றலைப் பறித்துக்கொள்ளும், ஒளிர்வு சீக்கிரமே அணைந்துவிடும். இந்த உறவைக் கணக்காக எழுதிய ஸ்டெர்ன், வோல்மர் ஆகியோரின் கட்டுரை 1919-ல் வந்தது. நல்ல மீட்டர்கள் பிரகாசத்தை அளப்பதில்லை, ஒளிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அளக்கின்றன. அதனால் சாயம் கொஞ்சம் வெளுத்தாலும் எண் அவ்வளவாக நகராது. ஆக்சிஜன் குறையக் குறைய ஒளிர்வு கூடுவதால், குறைந்த அளவுகளில்தான் இதன் நுணுக்கம் அதிகம். நமக்கு வேண்டியதும் அதுதானே!

“ஆட்ட வேண்டாமா அண்ணே?” என்று இரவுக் காவலில் இருக்கும் தம்பி ஆரம்பத்தில் நம்பவே இல்லை. ஆக்சிஜனைத் தின்னாததால் ஆட்டவேண்டிய கட்டாயம் இல்லை. தண்ணீரின் வெப்பநிலைக்கு முனை வந்து எண் நிற்கும் வரை மட்டும் பொறுத்திருக்க வேண்டும். கேபிளை அடிவரை இறக்கிப் பார்த்துவிட்டு எந்த ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரத்தை) ஓட்டுவது என்று அவரே இப்போது முடிவெடுக்கிறார்.

உப்பளவு விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. சாயத்துக்குத் தெரிவது ஆக்சிஜனின் அழுத்தம்தான். மில்லிகிராமாக மாற்றும் கணக்கில் உப்பைச் சேர்க்க வேண்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீரில் முழுச் செறிவு, அதாவது காற்றிலிருந்து தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய முழு ஆக்சிஜன், லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம். அதே வெப்பத்தில் 20 பிபிடி (ஆயிரத்தில் 20 பங்கு) உப்புத் தண்ணீரில் சுமார் 6.8 மட்டுமே. சில மீட்டர்களில் உப்பளவை நாமே பதிய வேண்டும். அங்கே பூஜ்யம் என்று விட்டால், இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டும். கோடையில் குளத்து உப்பு ஏறும், மழை வந்தால் இறங்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து அவ்வப்போது மாற்றிவிடுவோம்.

பராமரிப்பு எளிது, ஆனால் உண்டு. பாசிப் படலம் படிந்தால் எண் மந்தமாக நகரும். மெல்லிய துணியால் தண்ணீர் விட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் வேண்டாம், சுரண்டவும் கூடாது. வெயிலில் கிடந்தால் சாயம் வெளுக்கும், அதனால் ஈரப் பஞ்சு வைத்த உறைக்குள்ளேயே வைக்கிறோம். அளவு சரிபார்ப்பதும் அந்த ஈரக் காற்றில்தான். மூடியில் நீர்த்துளி ஒட்டியிருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு, வெப்பநிலை நிலைத்த பிறகு 100 சதவீதம் என்று பதிய வேண்டும். சந்தேகம் வந்தால் ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை கிட்டில் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

மூடி தேய்மானப் பொருள். ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். சில மாடல்களில் புது மூடியோடு வரும் குறியீட்டு எண்களை மீட்டரில் பதிந்தால்தான் அளவு சரியாக வரும், அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். குறைந்த அடர்த்தியில் ஒரே குளம் வைத்திருப்பவருக்கு ரசாயன டிஓ கிட்டே போதும். அடர்த்தியாக விதைத்து, இரவெல்லாம் ஏரேட்டரை நம்பி ஓட்டுபவர் என்றால், அடுத்த விதைப்புக்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள்.